திற என்று சொன்ன ஃபைல்

பாளையங்கோட்டை முருகன்குறிச்சியில் டி.டி.பி. சென்டர் வைத்திருந்த அனுராதாவுக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பெண் பார்க்க வந்த சிவகணேஷிடம் வேலை உத்தரவைக் கேட்டு வாங்கி, முத்திரையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தவள் அவள். அதற்குப் பிறகும் அவர் அவளைத்தான் கட்டிக்கொண்டார் என்பது வேறு விஷயம். 1996இல் யாரோ கொடுத்த பிளாப்பி வழியாக வைரஸ் புகுந்து நாற்பது கல்யாணப் பத்திரிகைகளை அழித்துவிட்டது. அன்றிலிருந்து பழைய கம்ப்யூட்டர் ஒன்றை மூலையில் தனியே ஒதுக்கி வைத்தாள். எந்த பிளாப்பி வந்தாலும் முதல் சோதனை அதில்தான்.

இரண்டு வருஷம் கழித்து ஒரு மத்தியானம் மேலப்பாளையம் அசன் முகம்மது வந்தார்.

"தங்கச்சி, துபாய்லேருந்து மருமவனா வரப்போறவரு அனுப்பியிருக்காரு. பத்திரிகை வாசகம் உள்ள இருக்காம். எம் மவ சுலைகாவும் வந்து பிழை பாக்கணும்னாரு, அவ கம்ப்யூட்டர் படிச்சவல்லா. இன்னைக்கு அவளுக்குப் பரீட்சை. வெள்ளிக்கிழமை நம்ம ஆளு ஒருத்தரு துபாய் போறாரு, பிளாப்பியத் திருப்பிக் கொடுத்து விடணும்."

பிளாப்பியில் இரண்டு ஃபைல்கள் இருந்தன. ஒன்று பத்திரிகை. இன்னொன்றின் பெயர் ஆங்கில எழுத்தில் 'திற'.

"தன்னையே திறக்கச் சொல்லுத ஃபைல நான் நம்பமாட்டேன், அண்ணாச்சி."

"மருமவன் அனுப்புனது தங்கச்சி! அவரையா சந்தேகப்படுதிய?"

"அவர இல்ல. அவரு கம்ப்யூட்டர."

வைரஸ் பிடிக்கும் மென்பொருள் 'ஒன்றுமில்லை' என்றது. அது ஆறு மாதப் பழசு. அதனால் மூலைக் கம்ப்யூட்டரில் பிளாப்பியைப் போட்டு, தேதியை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தாள். குறிப்பிட்ட நாளில் மட்டும் விழித்துக்கொள்ளும் வைரஸ்கள் உண்டு. எதுவும் விழிக்கவில்லை. கடைசியில் ஃபைலைத் திறந்தாள்.

திரை கறுத்தது. அசன் முகம்மது இரண்டடி பின்வாங்கினார். 'கீக் கீக்' என்று ஒரு ராகம் வந்தது. பிறகு எழுத்துகள்: 'பெரியவர்கள் எல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். உங்களை யாரும் கேட்கவில்லை. என்னைப் பிடித்திருந்தால் 1. பிடிக்காவிட்டால் 2.'

அனுராதா 2ஐ அழுத்தினாள்.

"ஏம்மா ரெண்ட அமுக்குனிய?"

"மாட்டேன்னு சொன்னாத்தான் அண்ணாச்சி அதோட குணம் தெரியும்."

'காரணம்?' என்றது திரை. 'சும்மா' என்று அடித்தாள்.

'உங்கள் பதில் இந்த பிளாப்பியில் பதிவாகிவிட்டது. வஸ்ஸலாம்.'

மறுபடி திறந்தாள். 'பதில் ஏற்கெனவே கிடைத்துவிட்டது' என்றதோடு நின்றுகொண்டது. பதிலை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று மூன்று மணிநேரம் தேடியும் அகப்படவில்லை. ஃபைல் தன் கம்ப்யூட்டரை என்ன செய்யும் என்று மட்டுமே யோசித்தவள், தான் அந்த ஃபைலை என்ன செய்துவிடுவோம் என்று நினைத்தே பார்க்கவில்லை.

"ஏழு மாசமாப் பேசி முடிச்ச சம்பந்தம்," என்று அசன் முகம்மது நாற்காலியில் சரிந்தார். "சும்மான்னு ஒரு வார்த்தையில முறிச்சிட்டியளே!"

மறுநாள் சுலைகா வந்தாள். முன்தினம் நடந்ததை அனுராதா தலைகுனிந்தபடி சொல்லச் சொல்ல, அந்தப் பெண் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கேள்வி என்னவாக இருந்தது என்று மட்டும் இரண்டு முறை திருப்பிக் கேட்டாள்.

"வாப்பா, பிளாப்பி அப்படியே போவட்டும். கூட நான் ஒரு லெட்டர் வைக்கேன்."

பத்து நாள் கழித்துக் கடைக்குத் துபாயிலிருந்து மாப்பிள்ளையின் போன் வந்தது.

"அக்கா, பிளாப்பி வெள்ளிக்கிழமையே வந்துட்டு. லெட்டரு கொண்டாந்தவரு பெட்டிக்கடியில மிக்சர் பொட்டலத்தோட கெடந்து திங்கக்கிழமைதான் கைக்கு வந்துது. மூணு நாளு எனக்குச் சோறு எறங்கல."

"மன்னிச்சிருங்க தம்பி."

"கல்யாணத்துக்கு அவசியம் வாங்க. அங்க யாராவது என்ன கேட்டாலும் ஆமான்னு மட்டும் சொல்லுங்க."