ஃபிரிட்ஜ் கதவில் முதலிடம்

சிங்கப்பூரில், எங்கள் குவீன்ஸ்டவுன் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஆறு காகிதத் துண்டுகளை ஒன்றன்கீழ் ஒன்றாகக் காந்தம் வைத்து நிறுத்தியிருப்போம். ஒவ்வொன்றிலும் ஒரு படத்தின் பெயர். ஆறும் ஒரே இயக்குநர் எடுத்தவை. விண்வெளியும் பேயும்தான் அவருக்குப் பிழைப்பு. அப்பாவும் அம்மாவும் கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து பார்த்த படங்கள் அவை. எது சிறந்தது என்பதில் மட்டும் அவர்களுக்கு ஒத்துப்போனதே இல்லை. ஆட்கள் ஒவ்வொருவராகக் காணாமல் போகும் விண்கப்பல் படத்துக்குத்தான் முதலிடம் என்பார் அப்பா. இல்லாத மாடியில் போய் நிற்கும் லிஃப்ட் படத்துக்குத்தான் என்பார் அம்மா. எனக்கு வயது பத்து. ஒரு படத்தையும் பார்க்க அனுமதி இல்லை. ஆனாலும் நான்தான் நீதிபதி. சாப்பாட்டு மேசையில் வாதாடி ஜெயித்த பிறகே யாரும் துண்டை நகர்த்தலாம் என்பது சட்டம்.

தேக்கா கடைத்தெருவில் தீபாவளிச் சாமான் வாங்கிவிட்டுத் திரும்பும்போது பஸ்ஸிலேயே இருவருக்கும் சண்டை வந்தது. எதற்கென்று எனக்கும் தம்பிக்கும் சொல்லவில்லை. அன்றோடு பேச்சு நின்றது. அப்பா விடிகாலையில் வேலைக்குப் போய் மதியம் வருவார். அவர் வருவதற்குள் அம்மா மருத்துவமனை வேலைக்குக் கிளம்பிவிடுவார். நடுவில் நாங்கள்தான் தபால்காரர்கள்.

"அம்மாகிட்ட சொல்லு, ஏர்கான்காரன் நாளைக்கு வர்றான்" என்பார் அப்பா.

அப்போதுதான் பட்டியலில் திருட்டு வேலை ஆரம்பித்தது. காலையில் நான் பள்ளிக்குப் போகும்போது லிஃப்ட் படம் மேலே இருக்கும். மதியம் திரும்பி வந்தால் கப்பல் படம். மறுநாள் காலை மறுபடியும் லிஃப்ட். யாரும் என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது.

உட்கார்ந்து யோசித்தேன். காலையில் வீட்டில் இருப்பவர் அம்மா. அவர் போய் அப்பாவின் படத்தைத் தூக்கி வைப்பாரா? சான்ஸே இல்லை. மதியத்துக்குப் பிறகு இருப்பவர் அப்பா. அவர் தன் படத்தைத் தானே இறக்குவாரா? ஆக இருவரும் நிரபராதிகள். மிச்சம், பாலர் பள்ளி முடிந்து நண்பகலிலேயே வீட்டுக்கு வந்துவிடும் தம்பி. அவன் முழியே சரியில்லை.

"நீதானே மாத்துற?"

"நான் இல்ல லா அக்கா! எனக்கு எட்டவே எட்டாது!"

"அப்போ நாற்காலி ஏன் ஃபிரிட்ஜ்கிட்ட வந்துச்சு?"

"பிஸ்கட் எடுக்க ஏறினேன்" என்று அழ ஆரம்பித்தான். அழுததால் சந்தேகம் இன்னும் கூடியது.

வெள்ளிக்கிழமை, அம்மா கிளம்பியதும், அப்பா வருவதற்குள் அவருடைய சாமான் பெட்டியிலிருந்து சூப்பர் குளூவை எடுத்தேன். கப்பல் படம் மேலே இருந்தபடியே ஆறு துண்டுகளையும் கதவோடு ஒட்டிவிட்டேன். இனி எவன் கை வைக்கிறான் பார்ப்போம் என்று நிம்மதியாக வீட்டுப்பாடம் எழுத உட்கார்ந்தேன்.

அப்பா வந்ததும் நேராக ஃபிரிட்ஜ் முன்னால் போய் நின்றார். லிஃப்ட் படத் துண்டை விரலால் தள்ளினார். அது நகரவில்லை. நகத்தால் சுரண்டிப் பார்த்தார். தம்பிக்கு இவரும் கூட்டா என்று எனக்குச் சந்தேகம் வந்தது.

"யாரும்மா இத ஒட்டினது? அம்மாவா?"

கதவைப் பாழாக்கியதற்கு அடி விழும் என்று பயந்தேன். "தெரியலப்பா" என்றேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை.

மறுநாள் காலையில் அம்மா பட்டியலைப் பார்த்தார். கப்பல் படம் அப்படியே மேலே இருந்தது. தொட்டுக்கூடப் பார்க்காமல் துணி காயப்போடப் போய்விட்டார்.

அடுத்த வாரம் அப்பா ஒரு பையோடு சுவா சூ காங்கில் இருக்கும் அத்தை வீட்டுக்குப் போனார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார்கள். அவர் திரும்பி வரவில்லை.

பெரியவர்கள் பிரிய ஆயிரம் காரணம் இருக்கும், ஒரு சிறுமியின் பசையால் குடும்பம் பிரியாது என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். முழுசாக நம்ப முடியவில்லை. என்னுடைய கணக்கில் வேறு எந்தத் தப்பும் இல்லை. அம்மாவே அப்பாவின் படத்தையும், அப்பாவே அம்மாவின் படத்தையும் தூக்கி வைக்கக்கூடும் என்பது மட்டும் பத்து வயதில் எனக்குத் தோன்றவே இல்லை.