மேளத்தோடு போன நன்கொடை

இலங்கை மலைநாட்டில் கோப்பி நன்றாக விளைந்த காலத்தில் பன்விலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். கண்டியில் பாதிரிமார் நடத்திய ஆங்கிலக் கல்லூரியில் என் மகனைச் சேர்த்தே தீருவதென்று ஒரே பிடியாக நின்றேன். துரைமார் முன்னால் அவன் கதிரையில் உட்கார்ந்து பேச வேண்டும். என்னைப் போலக் கைகட்டி நிற்கக் கூடாது. வேறொன்றும் நான் ஆசைப்படவில்லை.

கல்லூரியில் சேர்வதற்கான பரீட்சை முடிந்து வந்தவன், "எல்லாத்துக்கும் எழுதிட்டேன்பா" என்றான். அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா? கம்பளைக் கோப்பி வியாபாரி ஒருவர் கல்லூரிக்குப் புதுக் கூரை போட்டுக் கொடுத்தாராம். அவர் மகன் பரீட்சை எழுதாமலே சேர்ந்துவிட்டானாம். நானும் கொடுத்தால்தான் இடம் என்று முடிவுகட்டினேன். மனைவியின் அட்டிகையை விற்றேன். அவளே கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.

கொடுப்பதென்றால் நாலு பேர் அறியக் கொடுப்பதுதானே நம் வழக்கம்? கோயிலுக்கும் கல்யாணத்துக்கும் ஒளித்துக்கொண்டா போகிறோம்? சேர்ந்தவர்கள் பெயரை வாசிக்கும் நாளன்று, தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, பழச்சீப்பு, நடுவே வெள்ளிக்காசு வைத்து, தோட்டத்து மேளக்காரர் இருவர் முன்னே அடித்துப்போக, கண்டி வாவிக்கரை வழியாக மகனோடு வரிசை கொண்டுபோனேன். மடையன்! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் மேளத்தால் கெட்டேன்.

முற்றம் நிறையப் பெற்றோர். பெரிய பாதிரியார் முகம் சிவந்துபோயிற்று. "இங்கே இடம் விற்பதில்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அவர் நின்றது அந்தப் புதுக் கூரையின் கீழேதான். பக்கத்துக் கதிரையில் அந்த வியாபாரி இருந்தார். என்னைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார். என் மகனின் பெயர் வாசிக்கப்படவேயில்லை.

மகனை அழைத்துக்கொண்டு வெளியே வந்தேன். கல்லூரி எழுத்தர், யாழ்ப்பாணத்துக்காரர், வாசல்வரை ஓடிவந்தார்.

"என்ன வேலை செய்துபோட்டியள்! வசதியில்லாத பிள்ளைக்கெண்டு ஒரு இலவச இடம் இருந்தது. பரீட்சையிலை உங்கடை பொடியன்தான் முதல். தாம்பாளத்தைக் கண்ட கையோடை பெரியவர் பேரை வெட்டிப்போட்டார்."

"எல்லாரும் குடுக்கிறதைத்தானேங்க நானும் குடுத்தேன்?"

"அவையள் ஒருத்தரும் காணாமலெல்லோ குடுக்கிறவை."

ஐயோ, கிடைத்த இடத்தை நானே காசு கொண்டுபோய்க் கெடுத்தேனே! அட்டிகையைக் கழற்றிக் கொடுத்தவளுக்கு என்ன சொல்வேன்? மேளக்காரரை முன்னே போகச் சொல்லிவிட்டு, மகனோடு மலையேறினேன். பாதித் தூரத்தில் அவன் நின்றான்.

"நா நல்லா எழுதியிருப்பேன்னு ஒங்களுக்குத் தோணவே இல்லையாப்பா?"

தோட்டம் போய்ச் சேரும்வரை அவன் முன்னால் நடந்தான். நான் பின்னால் நடந்தேன்.