சப்வூஃபருக்கு லிஃப்டில் கிடைத்த அனுமதி

ஹோம் தியேட்டருக்கு, தரை அதிர உறுமும் சப்வூஃபர் பெட்டி ஒன்று வேண்டும் என்று வீட்டில் நானும் மன்றாடிக்கொண்டே இருக்கிறேன். "கீழ் வீட்டுக்காரங்க என்ன நினைப்பாங்க?" என்பதே மனைவியின் ஒரே பதில்.

இன்று தோ பாயோ சந்தையிலிருந்து இருவரும் திரும்பும்போது, அந்தக் கீழ் வீட்டு பாத்திமா அக்காவே லிஃப்டில் ஏறினார். சப்வூஃபர் வாங்கலாமா என்று நேராகவே கேட்டுவிட்டேன்.

"படம் ஓடுற சத்தம் எங்களுக்குப் பழகிடுச்சு லா, தம்பி. ஆனா அந்தப் பெட்டி மட்டும் வேணாம்."

"ஏன்க்கா?"

"அது உறுமுனா நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுறது கேக்காதே! நேத்துகூட படச் சத்தத்துல உங்க மாமியார் விஷயம் பாதிதான் கேட்டுச்சு."

வீட்டுக் கதவைச் சாத்திய கையோடு மனைவி சொன்னாள்: "இன்னைக்கே போய் வாங்குங்க."

விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இதை எந்த மூலையில் வைப்பது? எங்கள் சண்டை பெரும்பாலும் சமையலறையில்தான்.