கோரைப்பள்ளத்துக்கு நான் சொன்ன தேதி

காலை 9.10. தேனியில் கம்பம் பஸ் ஏறினேன். உத்தமபாளையத்துக்கு முப்பத்திரண்டு ரூபாய். ஜன்னல் வழியே சொட்டிய தூறல் இலவசம். முந்தின நாள் மதுரையில் வீட்டு வாசலில் மணல் மூட்டை அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன். மழை வந்தால் எங்கள் நகரில் தண்ணீர் காலிங்பெல் அடிக்காமல் உள்ளே வரும்.

10.30. கல்லூரி நண்பன் காதர் ராவுத்தர் ஸ்கூட்டரோடு காத்திருந்தான். வழியெல்லாம் விஷயத்தைச் சொன்னான். முல்லையாற்றங்கரையில் கோரைப்பள்ளம் என்று ஒரு சதுப்பு. ஆறு பெருகினால் கரையிலிருந்த திறப்பு வழியாக வெள்ளம் அதற்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். பன்னிரண்டு வருடத்துக்கு முன் அக்கம்பக்கத்து வயல்களைக் காப்பாற்ற விவசாயிகளே அந்தத் திறப்பை மண் போட்டு அடைத்தார்கள். பள்ளம் காய்ந்தது. கோரை போயிற்று, கொக்கு போயிற்று, கிணறுகளிலும் தண்ணீர் இறங்கிற்று. பள்ளத்தில் காதருக்குப் பட்டா நிலம். அதில் இப்போது வாழை. படுக்க இடமில்லாத வெள்ளமோ கீழே பேச்சியம்மாள் என்ற விவசாயியின் நெல் வயலில் போய் விழுகிறது. திறப்பை மறுபடி வெட்ட எல்லாரும் சம்மதித்தாயிற்று. என்றைக்கு என்பதில்தான் தகராறு.

பகல் 1.00. காதர் வீட்டில் பிரியாணி. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டேன். பாதித் தீர்ப்பு அந்தத் தட்டிலேயே எழுதியாகிவிட்டது என்பது எனக்குத் தெரியவில்லை.

3.00. கரையில் பத்துப் பேர் கூடியிருந்தார்கள். அங்கே ஒரு வழக்கம்: தண்ணீர்த் தகராறில் அந்தப் பாசனத்தில் நிலமில்லாத ஆள்தான் முடிவு சொல்ல வேண்டும், சொன்னதை யாரும் மீறமாட்டார்கள். அன்று அகப்பட்டவன் நான்.

"அண்ணே, கதிரு பால் பிடிச்சு நிக்குது. மேக்க பாருங்க, கறுத்துக் கெடக்கு. இன்னிக்கே வெட்டச் சொல்லுங்க," என்றாள் பேச்சியம்மாள்.

"ஏ ஆத்தா, ஒரு மாசத்துல தாரு வெட்டிருவேன். அதுவரைக்கும் மழையப் பொறுக்கச் சொல்லு," என்றான் காதர்.

"ராவுத்தரே, நீங்களே போன் போட்டுச் சொல்லுங்க. மலையாளத்துல பேசுங்க, அங்கனருந்துதான வருது," என்றாள் அவள்.

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள். ஈரநிலம், இயற்கை நீரோட்டம், சமநிலை என்று படித்ததையெல்லாம் கால்மணி நேரம் பேசினேன். கொக்குக்காகக்கூட வருத்தப்பட்டேன். கடைசியில், "ஒரு மாதம் பொறுக்கலாம்" என்றேன்.

"படிச்சவுக சொல்லிட்டாக," என்று மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள் பேச்சியம்மாள்.

மறுநாள் காலை 6.30. இரவெல்லாம் மழை. அவள் வயலில் கதிரைக் காணோம், தண்ணீர்தான் நின்றது. கரையில் காதர், இடுப்புவரை சேறோடு, திறப்பை வெட்டி முடித்திருந்தான். வெள்ளம் அவன் வாழைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது.

"நேத்தே வெட்டிருந்தா என் வாழையோட போயிருக்கும் மாப்ளே. இப்ப ரெண்டும் போச்சு," என்றான்.

வரப்பில் நின்ற பேச்சியம்மாளிடம் போனேன். மன்னிப்புக் கேட்டேன்.

"விடுங்கண்ணே. நீங்க என்ன பண்ணுவீக? உங்களுக்கு இங்கன நெலமா கெடக்கு, வலி தெரிய?" என்றாள். குரலில் கோபமே இல்லை. இருந்திருந்தால் தேவலை.

8.15. திரும்பும் பஸ். "பஜ்ஜிக்காவது ஆகும்" என்று காதர் திணித்த முற்றாத வாழைச் சீப்பு மடியில். சின்னமனூர் தாண்டும்போது வீட்டிலிருந்து போன்: மணல் மூட்டையைத் தாண்டித் தண்ணீர் கூடத்துக்கு வந்துவிட்டதாம். வராமல் என்ன செய்யும்? எங்கள் நகரே முன்பு தண்ணீர் தேங்கிய கண்மாய். வருடாவருடம் தண்ணீரை எங்கேயாவது வெட்டிவிடச் சொல்லி மனு எழுதுகிறேன். எங்கே என்று எழுதியதில்லை.

நிலமில்லாத ஆள் என்று நம்பித்தான் என்னைக் கேட்டார்கள். இருக்கிறது, இரண்டரை சென்ட், கண்மாய்க்குள். அதைத் தண்ணீருக்குத் திருப்பிக் கொடுக்க யாராவது என்னிடம் தேதி கேட்டால் என்ன சொல்வேன் என்று வீரபாண்டி வரை யோசித்தேன்.

ஒரு மாதம் பொறுக்கலாம் என்பேன்.