வாய்க்காலில் நின்ற அமெரிக்க ஜீப்

போன வாரம் மருமகனின் காரை சர்வீஸுக்கு விட தஞ்சாவூர் புறவழிச்சாலைக்குப் போயிருந்தேன். கண்ணாடி அறை, ஏசி, பொத்தானை அமுக்கினால் காப்பி. கழுத்தில் அட்டை தொங்கிய ஒரு இளைஞர் கையிலிருந்த பலகைக் கம்ப்யூட்டரைத் தட்டிவிட்டு, "என்ன கோளாறுன்னு வண்டியே சொல்லிடும் சார்" என்றார். வேலை நடக்கும் இடத்தை எட்டிப் பார்க்கலாமா என்றேன். "கஸ்டமர்ஸ் உள்ள வரக்கூடாது சார்." அவர் கதவைத் திறந்து உள்ளே போன ஒரு கணம் சூடான கிரீஸ் வாடை வந்தது. கூடவே மஞ்சள் கொதிக்கும் வாடையும். அங்கே ஏது மஞ்சள்? அது என் மூக்குக்குள்ளேயே இருப்பது. எங்கே கிரீஸ் வாடை அடித்தாலும் கிளம்பி வந்துவிடும்.

நான் வேலைக்குச் சேர்ந்தது நீடாமங்கலத்துக்கு அப்பால் ஒரு தாலுகா ஆபீசில். அறுபத்தேழில் ஆட்சி மாறிய புதுசு. சுவரில் படங்கள் மாறின. வாசல் பலகையில் தாசில்தார் 'வட்டாட்சியர்' ஆனார். ஆபீஸ் ஜீப்பின் நெற்றியிலும் தமிழில் எழுதினார்கள். எழுதியவர் உற்சாகத்தில் நம்பரின் பாதியையும் சேர்த்து மூடிவிட்டார். அமெரிக்காவில் செய்து, யுத்தத்துக்குக் கப்பலேறி வந்து, யுத்தம் முடிந்ததும் ஊருக்குத் திரும்பாமல் இங்கேயே தங்கிவிட்ட குட்டி ஜீப் அது.

"வண்டியப் பத்தித் தெரிஞ்சவங்க யாருப்பா?" என்று தாசில்தார் ஒருநாள் கேட்டார். எல்லோரும் சட்டென்று ஃபைலுக்குள் குனிந்துகொண்டார்கள். புதியவனான எனக்கு இன்னும் ஃபைல் கொடுத்திருக்கவில்லை. குனிய இடமில்லாமல் நிமிர்ந்திருந்தேன். வண்டியின் பராமரிப்பு என் தலையில் விழுந்தது. அதுவரை நான் பராமரித்த ஒரே வாகனம் அப்பாவின் சைக்கிள். அதையும் பஞ்சராக்கித்தான் பழக்கம்.

டிரைவர் தங்கராசு அண்ணனுக்கு வண்டி என்றால் பக்தி. தினமும் துடைப்பார், வெள்ளிக்கிழமை பொட்டு வைப்பார். ஆனால் பானெட்டைத் திறப்பதை ஏதோ மானக்குறைவான காரியமாக நினைத்தார். ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்பினால் ஹாரன் தானாக அலறும். இதனால் சாலையின் இடப்பக்கத்து ஜனங்கள் மட்டும் தாசில்தாரைக் கோபக்காரர் என்று நம்பினார்கள். பிரேக்குக்கு எண்ணெய் கிடைக்காதபோது விளக்கெண்ணெய் ஊற்றினோம். ரேடியேட்டர் ஒழுகினால் மஞ்சள்தூள். சிரிக்காதீர்கள், தூள் போய் ஓட்டையை அடைத்துக்கொள்ளும். என்ன, வண்டி சூடாகிவிட்டால் கல்யாணப் பந்தி வாடை வரும்.

மெக்கானிக் காதர் பாய் வேகமான கைக்காரர். கழற்றி மாட்டியபின் ஒவ்வொரு தடவையும் நாலைந்து சாமான் மிஞ்சும். "இதெல்லாம் எங்கே போகணும் பாய்?" என்று பதறுவேன். "அமெரிக்காக்காரன் பயந்துபோய் அதிகமா போட்டிருக்கான் தம்பி" என்பார். மிஞ்சியதையெல்லாம் ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டுக் குலுக்கி வைப்பார். வண்டி எடை குறைந்து சுறுசுறுப்பானதாக எனக்கும் ஒரு நம்பிக்கை இருந்தது, அந்தத் தை மாதம் வரைக்கும்.

அந்த வருஷம் சம்பா நன்றாக விளைந்து தலை சாய்ந்து கிடந்தது. அறுக்க ஆளில்லை. ஆள் இருந்தது, அறுக்கவில்லை. அடித்த நெல்லில் ஒரு கலம் அளந்தால் இத்தனை படி என்று கூலி. அதில் அரைப்படி கூடுதலாக வேண்டும் என்று ஒரு ஊரே அரிவாளைக் கீழே வைத்திருந்தது. வெளியூர் ஆளை இறக்குவேன் என்றார் மிராசுதார் வைத்தியநாதன். பக்கத்து ஊரில் அப்படி இறக்கிக் கைகலப்பாகி இரண்டு பேர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். பேச்சு வார்த்தைக்கு தாசில்தார் புறப்பட்டார். மெயின் ரோட்டில் போலீஸ் வேன் தயாராக நின்றது. வானமும் மேற்கே கறுத்துக்கொண்டிருந்தது.

ஊருக்கு முன்னால் ஒரு வாய்க்கால். பாலமில்லை, இறங்கித்தான் ஏற வேண்டும். இறங்கினோம். ஏறவில்லை. பின்சக்கரம் சேற்றில் சுற்றச் சுற்ற ஜீப் சௌகரியமாக உட்கார்ந்துகொண்டது.

"முன்சக்கரத்தையும் சேத்து ஓட்ட ஒரு கம்பி இருக்குமேப்பா?" என்றார் தாசில்தார்.

"இருக்குங்கய்யா. அதத் தொடறதில்லீங்க" என்றார் தங்கராசு அண்ணன்.

"ஏன்?"

"தொட்டதில்லீங்க."

பராமரிப்புப் பொறுப்பாளனாகிய நான் எட்டி அந்தக் கம்பியை ஓங்கி இழுத்தேன். அது முழுசாகக் கையோடு வந்துவிட்டது. அதைத் தாங்க வேண்டிய ஆணி எந்த டப்பாவில் இருக்கும் என்று எனக்கு அந்தக் கணமே தெரிந்தது. செங்கோல் மாதிரி அதைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இதற்குள் ஒரு கரையில் அறுப்பு ஜனங்கள் கூடிவிட்டார்கள், முன்னால் அவர்களுக்காகப் பேசும் அஞ்சலை. மறு கரையில் மிராசுதாரும் அவருடைய கணக்குப்பிள்ளையும். மிராசுதாரின் அப்பாவைக் கைகட்டி நின்று 'ஆண்டே' என்று கூப்பிட்ட ஊர் அது. அஞ்சலை இவரை 'அய்யா' என்பதோடு நிறுத்திக்கொண்டதில் அவருக்கு ஏற்கெனவே வருத்தம்.

"ஏம்மா அஞ்சலை, அதிகாரி தண்ணில நிக்கிறாரு. ஆளுங்கள விட்டுத் தள்ளச் சொல்லு" என்றார் மிராசுதார்.

"எந்தக் கூலிக்குங்க அய்யா? பழசா, புதுசா?"

நாற்பது பேர் சிரித்தார்கள். சிரிப்பு நல்லதாக இல்லை. இரண்டு மூன்று பேர் கையில் கழி இருந்தது. தாசில்தார் இறங்கப் பார்த்தார். செருப்பு சேற்றில் மாட்டிக்கொள்ள, திரும்ப ஏறி உட்கார்ந்தார். "இங்கயே பேசுவோம்" என்றார், வேறு வழியில்லாமல். பேச்சு ஏறியது. கணக்குப்பிள்ளை ஏதோ வேண்டாத வார்த்தை சொல்ல, கழி வைத்திருந்த ஒருவர் வாய்க்காலுக்குள் இறங்கினார்.

அப்போது ஜீப் புஸ்ஸென்று பொங்கியது. ரேடியேட்டர் மூடி பறந்து, மஞ்சள் நீர் பானெட் இடுக்கெல்லாம் வழிந்து, ஆவி இரண்டு கரைக்கும் பரவியது. மணமென்றால் அப்படி ஒரு மணம்.

"அய்யோ, வண்டிக்குள்ளயே சமையலா!" என்று ஒரு பெண் கத்தினாள். "சோறு ஆச்சா சார்?" என்றாள் இன்னொருத்தி. இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. இறங்கிய ஆளே கழியை ஊன்றிக்கொண்டு சிரித்தார். மிராசுதார் மீசையைத் துடைப்பதுபோல் வாயை மூடிக்கொண்டார். அந்தச் சமயம் பார்த்து முதல் தூறல். அவர் வானத்தைப் பார்த்தார், சாய்ந்த கதிரைப் பார்த்தார்.

"அரைப்படிதானே? எடுத்துக்கங்க. அறுங்க முதல்ல."

"அதிகாரி முன்னால இன்னொரு தரம் சொல்லுங்க" என்றாள் அஞ்சலை.

சொன்னார். ஜனங்கள் வாய்க்காலில் இறங்கினார்கள், கம்பியைப் போட்டுவிட்டு நானும். அஞ்சலை நகரவில்லை. "நீங்களும் ஒரு கை வைங்க அய்யா." இறங்கியவர்களெல்லாம் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கி, அவள் பக்கத்தில் நின்று தோள் கொடுத்தார். தங்கராசு அண்ணன் ஆக்சிலேட்டரை மிதித்த மிதியில் பின்னால் நின்ற எங்கள் எல்லார் மேலும் ஒரே சேறு. யார் எவரென்று தெரியவில்லை. மழை பிடிப்பதற்குள் பாதி வயல் கதிர்க்கட்டாகிவிட்டது. போலீஸ் வேன் திரும்பிப் போயிற்று.

அந்த ஜீப் பிறகு ஏலத்தில் போனது. காதர் பாயும் தங்கராசு அண்ணனும் ஒருவர்பின் ஒருவராகப் போய்ச் சேர்ந்தார்கள். சென்ற தையில் ஒரு கல்யாணத்துக்கு அந்த வழியாகப் போனேன். வாய்க்கால் மேல் சிமெண்ட் பாலம். கார் ஏறி இறங்கியதே தெரியவில்லை. நிறுத்தச் சொல்லி இறங்கிப் பார்த்தேன். வயலில் ஒற்றை இயந்திரம் அறுத்துக்கொண்டு போயிற்று. என்னைக் கண்டதும் அதை ஓட்டியவர் நிறுத்தி, "சார், இது யாரு வயல்னு தெரியுமா? வரச் சொன்னவரு ஃபாரின்ல இருக்காராம், போன எடுக்க மாட்டேங்குறாரு. வரப்பு எதுவரைக்கும்னு கேக்கணும்" என்றார். வெளியூர் ஆள், ஆத்தூர்ப் பக்கத்துக்காரராம்.

இரண்டு கரையையும் பார்த்தேன். கேட்டுச் சொல்ல ஆள் யாருமில்லை.