கண்ணன்காய்ப் பொடியும் என் இரண்டு பிள்ளைகளும்

பல் இல்லாத, பேச்சு வராத, போன வாரம் வரை பாலைத் தவிர வேறு ருசியே அறியாத ஓர் ஆளுக்குப் பிடிக்கிற மாதிரி சமைக்க வேண்டும், அதுதான் என் தொழில். ஓட்டலில் சாப்பிட்டவன் "உப்பு கம்மி" என்று சொல்லிவிட்டுப் போவான். என் வாடிக்கைக்காரர்கள் நேராக முகத்தில் துப்புவார்கள். கைக்குழந்தைக்கு முதல் வாய் ஊட்டிப் பார்த்த யாருக்கும் நான் சொல்வது புரியும். உங்கள் புடவையிலும் அந்தக் கறை இருக்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஆரம்பித்த வேலை இது. வீடு சுள்ளிக்கல்லில், வியாபாரம் மட்டாஞ்சேரியில். வீட்டுக்காரருக்குக் கார்ப்பரேஷனில் துப்புரவு மேஸ்திரி உத்தியோகம். கண்ணன்காய் என்று ஒரு குட்டை வாழைக்காய் உண்டு. அதைத் தோல் சீவி, மெல்லிசாக அரிந்து, சருகாகக் காயவைத்து, மில்லில் அரைத்து, பழைய வேட்டித் துணியில் இரண்டு தடவை சலித்தால் பொடி. பொடியைப் பனங்கல்கண்டுத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் குறுக்கு. ஆறு மாதக் குழந்தைக்கு அந்த மலையாளக் கரையில் அதுதான் முதல் சாப்பாடு. கிண்டுகிற கை கொஞ்சம் நின்றால் கட்டி தட்டிவிடும் என்பதால், புது வீடு என்றால் முதல் நாள் நானே அடுப்படியில் நின்று காய்ச்சிக் காட்டுவேன். என்னைப் பொடிச்சேச்சி, அதாவது பொடி அக்கா, என்பார்கள். அவர்கள் பேசியது மலையாளம். நம் வாய்க்குத் தோதாக எழுதுகிறேன்.

எத்தனை பிள்ளை?

முதன்முதலில் போன வீட்டில், டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்த்து, "நல்ல பொடி" என்றெல்லாம் சொல்லிவிட்டு, அந்த வீட்டு மாமியார் கேட்டார், "உனக்கு எத்தனை குட்டிகள்?" கல்யாணமாகி ஒன்பது வருஷம், ஒன்றும் இல்லை என்றேன். டப்பாவை மூடி என் கையிலேயே கொடுத்துவிட்டார். கோபமாக இல்லை, மரியாதையாகத்தான். பிள்ளை பெறாதவள் கையால் குழந்தைக்கு முதல் சாப்பாடு ஆகாது என்று அவர் வாயால் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும், நானும் அதே ஊர்க்காரிதானே. தெருமுனை வரை அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்து போனது ரத்னாபாய் வீடு. கொங்கணிக்காரி, வாய் கொஞ்சம் நீளம், மனசு தங்கம். பெரியவள் சுமாவுக்கு அப்போது ஆறு மாதம். அங்கேயும் அதே கேள்வி. "ரெண்டு" என்றேன். ஒன்று என்று சொல்லியிருக்கலாம், பொய் சொல்கிறபோதும் எனக்கு ஆசை விடவில்லை. ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இருந்தேன். குறுக்கைக் காய்ச்சுவேன், ஆற்றுவேன், முதல் வாய் மட்டும் ஊட்டமாட்டேன். பொய் சொன்ன கையால் ஒரு குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்ற பயம். கரண்டியைத் தாயிடம் நீட்டிவிட்டு ஒதுங்கி நிற்பேன். ரத்னாபாய்க்கு அதொன்றும் தெரியாது. "ரெண்டு பெத்தவ கைப்பாகம், பின்னே எனக்கென்ன பேடி, எனக்கென்ன பயம்?" என்றாள்.

சுக்கு வாசம்

எங்கள் வீட்டில் காயவைக்க முற்றம் கிடையாது. மட்டாஞ்சேரியில் ஒரு சுக்குக் கிடங்கில் வேலை செய்த பெண்கள் பரிதாபப்பட்டு, முற்றத்தில் ஒரு ஓரம் கொடுத்தார்கள். பத்தடி தள்ளி இஞ்சி காய்கிறது, அதன் பக்கத்தில் மிளகு, ஓரத்தில் என் வாழைக்காய்ப் பாய். அவர்கள் முறத்தில் புடைக்கிற தூசி எந்தப் பக்கம் பறக்கும் என்று நான் யோசிக்கவே இல்லை. தெருவுக்குத் தெரு சுக்கும் மிளகும் காய்கிற ஊர் அது, வேறு ஊராக இருந்தால் இந்தத் தப்பைச் செய்வதற்கு வழியே இல்லை.

அந்த வாரம் பொடி வாங்கிய குழந்தைகளெல்லாம் குறுக்கை நாக்கில் வைத்ததும் கண்ணைச் சிமிட்டி ஒரு தும்மல் போட்டன. வீடு வீடாகப் போய்ப் பொடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். ஒரு வீட்டில் அப்பா மிளகுக் கம்பெனியில் சரக்குத் தரம் பார்க்கிறவர். அவர் மட்டும் டப்பாவைத் தரமாட்டேன் என்றார். மடியில் குழந்தை மூன்றாவது தும்மலுக்குத் தயாராகிக்கொண்டிருந்தது. "இருக்கட்டும் சேச்சி, ஆறு மாசத்திலேயே என் மோன் அப்பன் தொழில் படிக்கிறான்!"

திறந்த வாய்கள்

கதீஜாவின் புருஷனுக்கு வேலை பெர்ஷ்யாவில், வளைகுடாவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அவன் அனுப்பிய சீமை டப்பா மாவு எதையும் அவர்கள் பெண்குழந்தை தொடவில்லை. குழந்தை இளைத்துக்கொண்டே போனது, கதீஜா அழுதுகொண்டே இருந்தாள். அவள் வீடு ரத்னாபாய்க்கு அடுத்த சந்துதான். யாரோ சொல்லி என்னைக் கூப்பிட்டாள். காய்ச்சி ஆற்றிக் கரண்டியை அவளிடம் கொடுத்தேன். குழந்தை வாயை இறுக்க மூடிக்கொண்டது.

குழந்தைக்கு ஊட்டுகிறவர் தன் வாயைத் திறக்காமல் ஊட்டவே முடியாது, கவனித்திருக்கிறீர்களா? கதீஜா திறந்தாள். நான் திறந்தேன். அவள் நாத்தனார், பக்கத்து வீட்டுக்காரி, சன்னலில் எட்டிப் பார்த்த இன்னொருத்தி, எல்லோரும் "ஆ" என்று நின்றோம். வைப்பின் தீவிலிருந்து மீன் கொண்டுவருகிற மேரி, கூடையை வாசலில் இறக்கிவிட்டு உள்ளே பார்த்தாள். "அந்தக் கொச்சுப் பிள்ளை ஒண்ணுக்குத்தான் பசியில்ல, பாக்கி எல்லாருக்கும் ஊட்டி விடு!" என்றாள். நாங்கள் சிரித்த சிரிப்பில் குழந்தை எங்களைப் பார்த்து வாயைப் பிளந்தது, கதீஜாவின் கரண்டி உள்ளே போயிற்று. அது விழுங்கியதும் கதீஜா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் ஒரு நாளும் அந்தக் குழந்தை சாப்பாட்டை மறுத்ததில்லை.

பெட்டி நிறையச் சட்டை

பொய் சும்மா இருக்குமா? குட்டி போட்டது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் ரத்னாபாய்க்கு என் பிள்ளைகள் ஞாபகம் வரும். சுமாவுக்குச் சிறிசாகிப் போன சட்டைகளைத் துவைத்து மடித்து, "உன் இளையதுக்கு" என்று கொடுத்துவிடுவாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? வாங்கி வந்து ஒரு தகரப் பெட்டியில் போட்டேன். வெயில் நாளில் எடுத்து உதறி, மறுபடி மடித்து வைப்பேன். ஒரு மஞ்சள் சட்டையில் ரத்னாபாயே இரண்டு வாத்து தைத்திருந்தாள். ஆரஞ்சு நூல் தீர்ந்துபோய், ஒரு வாத்துக்கு மட்டும் மூக்கு சிவப்பு. அதை மடியில் வைத்துக்கொண்டு நான் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து, அந்த வாத்தைக் கொஞ்ச நேரம் விரலால் தடவினார். "பொட்டில வெச்சா பூச்சிதான் உடுத்தும். உடுத்த வேண்டிய பிள்ளைக்குக் கொண்டு போய்க் கொடு, தாயே."

வாத்து மூக்கு

மஞ்சள் சட்டை கதீஜாவின் மகளுக்குப் போயிற்று. "யாருது?" என்று அவள் கேட்டபோது, "என் மகளுக்குச் சிறிசாயிடுச்சு" என்று இன்னொரு பொய்யும் சேர்ந்து போயிற்று. அடுத்த மாதம் தடுப்பூசி போடுகிற நாள். அந்த வரிசையில்தான் புதுத் தாய்மார்கள் கிடைப்பார்கள் என்பதால் நானும் பையோடு போயிருந்தேன். வரிசையில் கதீஜா, இடுப்பில் மஞ்சள் சட்டையோடு மகள். அவளுக்குப் பின்னால், நாலு மாத இரண்டாவது பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ரத்னாபாய்! அவள் கண் நேராக வாத்து மூக்கில் நின்றது. "இது சுமாவோடதாச்சே" என்று அவள் வாய் திறந்தால் போதும், ஒவ்வொரு பொய்யாக அவிழ்ந்துவிடும், மட்டாஞ்சேரியில் ஒரு வீட்டு வாசலையும் நான் இனி மிதிக்க முடியாது.

"சட்டை நல்லா இருக்கே" என்றாள் ரத்னாபாய்.

"பொடிச்சேச்சி மகளோடது" என்றாள் கதீஜா பெருமையாக.

ரத்னாபாய் என்னைப் பார்த்தாள். பிறகு கதீஜா பக்கம் திரும்பி, "தெரியும். அவ மகளுக்கும் இது நல்லாத்தான் இருந்துச்சு" என்றாள்.

ஊசி போட்டு முடிந்ததும் என்னை மரத்தடிக்கு இழுத்துக்கொண்டு போனாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பாதியிலேயே நிறுத்தினாள். "எனக்கு முதல் வருஷமே தெரியும். பெத்தவ எவளும் தன் பிள்ளையைப் பத்தி இத்தனை கம்மியாப் பேசமாட்டா. அதான் பேரு கேக்கல. கேட்டிருந்தா நீ இன்னும் ரெண்டு பொய் சொல்லியிருக்கணும்." அப்படியானால் சட்டைகளை ஏன் கொடுத்தாய் என்று கேட்டேன். "கொடுத்தா உன் முகம் மாறும். அதைப் பார்க்கத்தான்."

முதல் வாய்

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையனுக்கு முதல் குறுக்கு. கதீஜாவையும் கூப்பிட்டு, அவள் எதிரில் ரத்னாபாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். கதீஜா தன் மகளைத் தூக்கி என் மடியில் வைத்தாள். நான் காய்ச்சி, ஆற்றி, வழக்கம்போலக் கரண்டியை நீட்டினேன். ரத்னாபாய் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள். வாழைக்கறை போகாத விரலாலேயே கரண்டியை முக்கி எடுத்தேன். "ஆ" என்று வாயைத் திறந்து முதல் வாய் ஊட்டினேன். பையன் ஒரு கணம் யோசித்தான். மொத்தத்தையும் என் முகத்தில் துப்பினான்.

போச்சு, என் கைராசி இவ்வளவுதான் என்று எழுந்திருக்கப் போனேன். ரத்னாபாய் என் தோளை அழுத்தி உட்கார வைத்தாள். "பெத்தவ ஊட்டினாலும் முதல் வாய் துப்பத்தான் செய்யும். உனக்குத் தெரியாததா? இன்னொரு வாய் ஊட்டு."

இத்தனை வருஷத்தில் நான் படித்தது இவ்வளவுதான்: குறுக்கில் கட்டி தட்டினால் பிள்ளை கண்டுபிடித்துவிடும், பொய்யில் கட்டி தட்டினால் தாய் கண்டுபிடித்துவிடுவாள், நம் மேல் பிரியம் இருந்தால் இரண்டு பேருமே விழுங்கிவிடுகிறார்கள்.