புதன்கிழமை டீச்சர் பாட்டு

போன வாரம் சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்கப் போயிருந்தேன். இந்த வயதில் இதுவும் ஒரு வேலை. லேபில் இருந்த பெண் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து என் முழங்கை மடிப்பில் தேய்த்தாள். சில்லென்று அந்த வாசம் மூக்கில் ஏறியதுதான் தாமதம், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசியைப் பார்த்து அழுகிறவர்களைத்தான் அவள் பார்த்திருப்பாள் போல. "ஏம்மா, கூசுதா?" என்றாள். "இல்ல தாயி, பழைய பஸ்ஸு ஒண்ணு ஞாபகம் வந்துருச்சு" என்றேன். வேறு ஏதாவது டெஸ்டும் சேர்த்து எடுத்துவிடுவோமா என்பதுபோல என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

உங்களுக்கு ஸ்பிரிட் என்றால் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும். எனக்கு வருவது, எண்பதுகளில் அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்குக் காலையில் கிளம்பிய ஒரு தனியார் பஸ். அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் மளிகைக்கடை. மகள் கவர்மெண்டு ஆபீசில் டைப்பிஸ்ட் என்று கடைக்கு வருகிறவர்களிடம் எல்லாம் சொல்லிச் சொல்லித்தான் பருப்பு நிறுப்பார். திருச்சுழியில் ஆபீஸ். தினமும் அந்த பஸ்தான்.

டிரைவர் சங்கரலிங்கம் அண்ணன் வண்டியை எடுப்பதற்கு முன்னால் ஒரு பூஜை செய்வார். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தியபிறகு, தீக்குச்சி முனையில் பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்து, தலைக்கு மேலே இருக்கும் டேப் ரெக்கார்டருக்குள் விட்டுத் துடைப்பார். குழந்தைக்குக் காது குடைகிற பக்குவம். அப்படித் துடைக்காவிட்டால் பாட்டு அமுங்கிப்போய், பாடுகிறவர் வாயில் பணியாரத்தை வைத்துக்கொண்டு பாடுவதுபோலக் கேட்கும். அந்த வாசம் வந்துவிட்டால் பஸ் கிளம்பப்போகிறது என்று அர்த்தம். ஊதுபத்தியும் ஸ்பிரிட்டும் டீசலும் கலந்த அந்த வாசத்தை இப்போது யாராவது பாட்டிலில் அடைத்து விற்றால் நான் முதல் ஆளாக வாங்குவேன்.

அந்த பஸ்ஸில் ஒரு வழக்கம் இருந்தது. அன்றாடம் போய்வருகிறவர்களுக்குக் கிழமை முறை. யார் முறையோ அவர் கொண்டுவருகிற கேசட்தான் அன்று ஓடும். அடுத்தவர் பாட்டை யாரும் குறை சொல்லக்கூடாது, ஊர் போய்ச் சேரும்வரை பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்தச் சட்டத்தை யார் போட்டார்கள் என்று தெரியாது, ஆனால் கவர்மெண்டு போட்ட எந்தச் சட்டத்தையும் எங்கள் ஆபீசிலேயே இவ்வளவு ஒழுங்காகக் கடைப்பிடித்ததில்லை.

திங்கட்கிழமை என்னுடையது. அப்போது எனக்குச் சோகப் பாட்டு என்றால் உயிர். காதலும் இல்லை தோல்வியும் இல்லை, ஆனாலும் யாரோ என்னை விட்டுவிட்டுப் போய்விட்ட மாதிரி ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்துகொள்வேன். "வாரம் பொறக்கையிலேயே அழ வைக்கிறியே தாயி" என்று கண்டக்டர் பாண்டி தலையில் அடித்துக்கொள்வான். செவ்வாய் எங்கள் ஹெட்கிளார்க் ஐயாவின் நாதஸ்வரம். முதலில் எனக்கு அது எட்டிக்காயாக இருந்தது. பிறகு எப்படியோ ஒட்டிக்கொண்டது. இன்றைக்கும் செவ்வாய்க்கிழமை காலையில் தோசை ஊற்றும்போது நாதஸ்வரம் இல்லாவிட்டால் தோசை சரியாக வட்டமாக வருவதில்லை. நம்பினால் நம்புங்கள்.

ரோட்டோரக் காடுகளில் பருத்தி எடுக்கிற பெண்கள், மிளகாய்ப் பழம் பறிக்கிற பெண்கள் எல்லோரும் எங்கள் பஸ் பாட்டை வைத்துத்தான் கிழமை தெரிந்துகொள்வார்கள். ஒரு தடவை ஒரு அம்மாள் கையைக் காட்டி வண்டியை நிறுத்தி, படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு ஏறாமலே நின்றார். "ஏத்தா, வரயா இல்லையா?" என்று பாண்டி கத்தினான். "நான் எங்கிட்டும் போகலப்பா. இந்தப் பாட்டு முடியட்டும், எறங்கிக்கிறேன்" என்றார். சங்கரலிங்கம் அண்ணன் பாட்டு முடிகிறவரை வண்டியை நகர்த்தவில்லை.

புதன்கிழமை எஸ்தர் டீச்சர். திருச்சுழியில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை. எனக்குப் பக்கத்து இருக்கை, உயிர்த்தோழி. சர்ச்சில் அவள் பாடினால் ஐந்தாறு வரிசை தள்ளி இருப்பவர்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். ஆனால் சினிமாப் பாட்டென்றால் அவளுக்குக் கிறுக்கு. வீட்டிலோ சினிமாப் பாட்டு வாசலைத் தாண்டக்கூடாது. அவள் அப்பா பக்கத்து வீட்டு ரேடியோ கேட்டால்கூட ஜன்னலைச் சாத்துகிற மனிதர். அதனால் எஸ்தருடைய சினிமாக் கேசட், 'கிறிஸ்தவ கீதங்கள்' என்று அச்சடித்த அட்டைப்பெட்டிக்குள் ஒளிந்துகொண்டு, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துப் பெட்டியிலேயே குடியிருந்தது. வாரத்தில் ஒருநாள், போகும்போது ஒரு பக்கம், வரும்போது ஒரு பக்கம். அவள் பாட்டு கேட்க முடிந்த நேரம் அவ்வளவுதான்.

அவளுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். வேலை பெரிதா சின்னதா என்று பார்க்கவில்லை, காடு கரை கேட்கவில்லை. "போற வீட்டுல ஒரு டேப்பு பாடணும்டி. நான் சமைக்கையில அது பாட்டுக்குப் பாடணும். அதுக்கு மொகஞ்சுளிக்காத ஆளா இருக்கணும்" என்பாள். வந்த ஒருவர், கல்யாணத்துக்கு அப்புறம் பாட்டெல்லாம் எதற்கு என்றார். அவரை வேண்டாம் என்றாள். இன்னொருவரையும் அப்படியே. அவள் அப்பாவுக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. அடுத்து வருகிற மாப்பிள்ளையையும் தட்டிக்கழித்தால், அதன்பிறகு அவளைக் கேட்காமல் தானே முடித்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து அழுதாள். என் திங்கட்கிழமைப் பாட்டுக்கு நான் அழுத போலி அழுகையை நினைக்க எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அடுத்து வந்தது மல்லாங்கிணறு மாப்பிள்ளை. அங்கே மோட்டாருக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறவர், பெயர் ஜெபராஜ். முறையாகப் பெண் பார்க்க வருவதற்கு முன்னால் ஒருதடவை ரகசியமாகப் பெண்ணைப் பார்த்துவிட ஆசைப்படுகிறார், புதன்கிழமை காலை பஸ்ஸில் வருவார் என்று இந்தச் சம்பந்தத்தைக் கொண்டுவந்த பாஸ்டரம்மா எஸ்தர் வீட்டில் சொல்லியிருந்தார். ரகசியம் என்றுதான் சொன்னார். எஸ்தர் என்னிடம் சொன்னாள், நான் பாண்டியிடம் மட்டும் சொன்னேன், செவ்வாய்க்கிழமை சாயங்காலத்துக்குள் பஸ்ஸுக்கே தெரிந்துவிட்டது. அடையாளம், வெள்ளைச் சட்டை, கையில் பை, மீசை. நம் பக்கத்தில் மீசை இல்லாத ஆம்பளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும் என்பது ஒருவருக்கும் உறைக்கவில்லை.

புதன்கிழமை காலையில் வெள்ளைவெளேர் என்று இஸ்திரி போட்ட சட்டையோடு, கையில் தோல்பையும் முறுக்கிய மீசையுமாக ஒருவர் ஏறினார். அவ்வளவுதான். ஹெட்கிளார்க் ஐயா எழுந்து முன்சீட்டில் தன் இடத்தைக் கொடுத்தார். பாண்டி துண்டால் சீட்டைத் தட்டிவிட்டு, ஓடிப்போய் டீ வாங்கிவந்தான். சங்கரலிங்கம் அண்ணன் அன்று ஸ்பிரிட்டில் டேப்பைக் குளிப்பாட்டியே விட்டார். "பக்தியான குடும்பம். இன்னைக்கு நெசமான சாமி பாட்டே ஓடட்டும் டீச்சரம்மா" என்று எஸ்தரிடம் கை நீட்டினார். அவளுடைய அம்மாவும் அப்படியே நினைத்து, வீட்டிலிருந்த அசல் கீதங்கள் கேசட்டை அவள் பைக்குள் வைத்து அனுப்பியிருந்தார். மனசில்லாமல் எடுத்துக் கொடுத்தாள்.

பஸ் சர்ச்சாக மாறிவிட்டது. நாங்கள் எல்லோரும் முதுகை நிமிர்த்தி, வாயை மூடி, நல்ல பிள்ளைகளாக உட்கார்ந்திருந்தோம். முன்சீட்டுக்காரர் டீயைக் குடித்து முடித்து, முதல் பாட்டின் பல்லவி முடிவதற்குள் வாயைப் பிளந்து தூங்கிவிட்டார். எஸ்தர் அவரையே பார்த்துக்கொண்டு வந்தாள். "நான் பாடுனாலும் இப்பிடித்தானடி தூங்குவாரு. இவரையும் வேணாம்னா அப்பா சும்மா இருக்கமாட்டாக" என்றாள். பின்னால் யாரோ ஏதோ கேட்க, பாண்டி அதட்டி அடக்குவது காதில் விழுந்தது. பாதிவழியில் கண்மாய்க்கரை வளைவில் யாரோ இறங்கினார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

திருச்சுழி வந்தது. முன்சீட்டுக்காரர் விழித்து, மீசையை நீவிக்கொண்டு, "தம்பி, இங்க உரக்கடை எந்தப் பக்கம்?" என்றார்.

பாண்டி குழைந்தான். "உரக்கடை கெடக்கட்டும் சார். டீச்சரம்மாவோட ஒரு வார்த்த பேசலையா?"

"எந்த டீச்சரு? நான் வெத வியாபாரத்துக்கு வந்தவன். எனக்குக் கல்யாணமாகி ரெண்டு பிள்ளைக இருக்குப்பா" என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போய்விட்டார்.

பாண்டி அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டான். "அப்ப மாப்பிள்ள அவுகதானா?" என்றான். பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற கோடுபோட்ட சட்டைக்காரர் ஒருவர், சாமி பாட்டை நிறுத்திவிட்டுச் சினிமாப் பாட்டுப் போடச் சொல்லிக் கேட்டிருக்கிறார். இவன் அவரை அதட்டி, முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார், எங்கள் டீச்சரைப் பார்க்க வந்தவர், ஏறக்குறைய முடிந்த மாதிரிதான் என்று பெருமையடித்திருக்கிறான். அவர் முன்சீட்டையே கொஞ்சநேரம் பார்த்திருக்கிறார். திருச்சுழிக்கு டிக்கெட் எடுத்தவர், கண்மாய்க்கரையிலேயே இறங்கிப் போய்விட்டார்.

நான் பாண்டியை அடிக்கக் குடையை ஓங்கிவிட்டேன். எஸ்தர் என் கையைப் பிடித்தாள். அவள் முகம் வேறாக இருந்தது.

"சினிமாப் பாட்டா கேட்டாக?"

"ஆமா டீச்சர். 'சாமி பாட்ட ஞாயித்துக்கெழம நானே பாடிட்டேன், இன்னைக்கு நல்ல சினிமாப் பாட்டாப் போடச் சொல்லுங்கண்ணே'ன்னாக."

எஸ்தர் இறங்கவில்லை. திரும்பவும் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். "வண்டி எப்ப திரும்பும்ணே?" என்றாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து காய்ச்சலுக்குக்கூட லீவு போடாதவள். ஹெட்கிளார்க் ஐயா என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போ. ஆபீஸ நான் பாத்துக்கிறேன். அப்பிடியே பள்ளிக்கூடத்திலயும் சொல்லிட்டுப் போறேன்" என்றார். நாதஸ்வரம் கேட்கிறவர்கள் நல்லவர்கள் என்று அன்றைக்குத்தான் முடிவு செய்தேன்.

அந்த ரோட்டில் அந்த நேரத்துக்கு வேறு பஸ் கிடையாது. அருப்புக்கோட்டை திரும்பி மல்லாங்கிணறு போக வேண்டிய மனிதர் எங்கள் பஸ்ஸுக்குத்தான் காத்திருந்தாக வேண்டும். சங்கரலிங்கம் அண்ணன் பெட்டியிலிருந்து எஸ்தருடைய சினிமாக் கேசட்டை எடுத்துப் போட்டு, சத்தத்தை முழுதாகத் திருகினார். வெயிலில் காய்ந்துகிடந்த கரிசல் காடு முழுக்கப் பாட்டு ஓடியது. பருத்திக்காட்டில் நின்ற பெண்கள் கையை ஆட்டினார்கள். எஸ்தர் சேலை நுனியை விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தாள். ஒருவேளை நடந்தே போயிருப்பாரோ என்று எனக்குள் ஒரு பயம்.

கண்மாய்க்கரை வளைவு திரும்பினால், வேலமரத்து நிழலில் கோடுபோட்ட சட்டை! அவர் கையைக் காட்டுவதற்கு முன்பே வண்டி நின்றுவிட்டது. பாண்டி குதித்து இறங்கி, "வாங்க வாங்க, அது வெதக்கடைக்காரருங்க, கல்யாணமானவரு, நான் ஒரு கூறுகெட்ட பய" என்று மூச்சுவிடாமல் சொல்லி, அவரைக் கையைப் பிடித்து ஏற்றினான். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டுதான் மல்லாங்கிணற்றில் பஸ் ஏறினாராம். யாருடைய எண்ணெய் டின்னோ அதில் சாய்ந்துவிட, அருப்புக்கோட்டையில் ஒரு சிநேகிதரிடம் இந்தச் சட்டையை இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு ஓடிவந்திருக்கிறார். தோள்பட்டையில் அது அவருக்குப் பிடித்துக்கொண்டு நின்றது.

அவர் எங்களுக்கு எதிர்வரிசையில் உட்கார்ந்தார். மொத்த பஸ்ஸும் அவரையே பார்த்தது. பாட்டு மட்டும் காதைக் கிழித்துக்கொண்டிருந்தது. கடைசியில் எஸ்தர்தான் தலையைத் தூக்கினாள்.

"சத்தம் சாஸ்தியா இருக்கா? கொறைக்கச் சொல்லவா?"

அவர் ஸ்பீக்கரை ஒரு பார்வை பார்த்தார். "கொறைக்க வேண்டாங்க. ஏலும்னா இன்னுங் கொஞ்சம் கூட்டச் சொல்லுங்க" என்றார்.

நான் வாழ்க்கையில் எத்தனையோ நிச்சயதார்த்தங்களுக்குப் போயிருக்கிறேன். அதுபோல ஒன்று பார்த்ததில்லை. சங்கரலிங்கம் அண்ணன் ஹாரனை விடாமல் அடித்தார். எனக்குக் கண்ணில் தண்ணீர், இந்தத் தடவை அசல்.

கல்யாணம் முடிந்து எஸ்தர் மல்லாங்கிணறு போனாள். மாப்பிள்ளை கடையில் காலையில் ஷட்டர் திறந்தால் சாயங்காலம்வரை டேப் பாடும், வீட்டுக்கு வந்தால் அங்கே இன்னொன்று பாடும். அவள் அப்பா மகளைப் பார்க்க வந்தபோது அங்கேயும் ஜன்னலைச் சாத்தப் போயிருக்கிறார். பாட்டு வெளியிலிருந்து வரவில்லை, உள்ளேயிருந்து வருகிறது என்று புரிந்ததும், பேசாமல் உட்கார்ந்து காப்பி குடித்தாராம். எஸ்தர் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

பஸ்ஸில் டேப் போய், வீடியோ வந்து, அதுவும் போய்விட்டது. கொஞ்சநாள் முன்னால் ஒரு காது குத்துக்காகத் திருச்சுழிக்கு பஸ்ஸில் போனேன். நல்ல வண்டி, மெத்தை சீட்டு. எனக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண், படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒரு பையன், இரண்டு பேர் காதிலும் ஒயர். அவள் விரல் மடியில் தாளம் போட்டது. அவன் தலை மெதுவாக ஆடியது. ஒரே பாட்டாகக்கூட இருக்கலாம். கண்மாய்க்கரை வளைவில் அவன் இறங்கிப் போனான். அந்தப் பெண் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.